செவ்வரத்தைக் கன்றும் முதல் குளிர்காலமும்

வாசகர் கேள்வி: கனடாவில், ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜாக்ஸில் வசிக்கிறோம். கடந்த ஜூன் மாதம், ஹார்டி ஹிபிஸ்கஸ் என்று சீட்டுத் தொங்கிய ஐந்து கன்றுகள் வாங்கினேன். மூன்றைப் பின்வளவில் வேலியோரம் நட்டேன். ஒன்றை முன்பக்கம் டிறைவ்வே ஓரமாக வைத்தேன். ஐந்தாவது டெக்கில் பூச்சாடியில் நிற்கிறது. வேலியோரத்தில் இரண்டு மட்டும் ஓகஸ்ற்றில் பூத்தன. சாப்பாட்டுத் தட்டு அளவு பூ. போன ஆண்டும் இரண்டு வாங்கியிருந்தேன். நவம்பர் தொடக்கத்திலேயே பிளாஸ்ரிக் தாளால் சுற்றிக் கட்டினோம். மே மாதம் பாதி கழிந்தும் ஒரு தளிர்கூட வராததால் பிடுங்கி எறிந்துவிட்டேன். இந்த முறை வீட்டில் மூன்று கட்சி. எல்லாவற்றையும் கிண்டி வீட்டுக்குள் வை என்கிறார் மாமி. இன்னும் தடிப்பாகச் சுற்றிக் கட்டலாம் என்கிறார் கணவர். ஒன்றும் செய்ய வேண்டாம், தானாக வரும் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. யார் சொல்வதைக் கேட்பது? படங்களை இணைத்திருக்கிறேன்.

அன்புச் சகோதரிக்கு,

மாமி சொல்வது நம் ஊர்ச் செவ்வரத்தைக்கு முழுக்கச் சரி. பக்கத்து வீட்டு அம்மா சொல்வது நாலைந்து ஆண்டு வேரூன்றிய செடிக்குச் சரி. உங்களிடம் இருப்பவை இரண்டுமே அல்ல. இந்த மண்ணில் முதல் குளிர்காலத்தைப் பார்க்கப்போகும் கன்றுகள். கணவரின் யோசனையைப் பிறகு சொல்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளக்கூடாது, நானும் ஒரு காலத்தில் அதே கட்சியில்தான் இருந்தேன்.

அதற்கு முன் ஒரு கசப்பான செய்தி. போன ஆண்டு நீங்கள் பிடுங்கி எறிந்த இரண்டு செடிகளும் உயிரோடு இருந்திருக்கக் கூடும். இந்தச் செடி ஆறுதலாக எழும்புகிற செடி. ரியூலிப் பூத்து முடிந்து, லைலக் வாசம் வீசி, அடுத்த வீட்டுப் பியோனி மொட்டுவிட்ட பிறகும் இதன் இடத்தில் வெறும் மண்தான் தெரியும். நம் பக்கத்தில் மே மாதக் கடைசியில் தளிர் வந்தால் அது தாமதமே இல்லை. குளிர்ந்த வசந்தமாக இருந்தால் ஜூன் முதல் வாரமும் ஆகும். மண் நன்றாகச் சூடேறினால்தான் இதற்கு விடியும். நான் இந்த நாட்டில் நாற்றுப்பண்ணை வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டு, மே மாத விக்ரோறியா தின விடுமுறைக்கு முதல் நாள், செத்துவிட்டது என்று முடிவுகட்டி ஒரு செடியைக் கிண்டினேன். மண்வெட்டி வெட்டிய இடத்தில் சுண்டுவிரல் நுனி அளவில் சிவப்பாக நான்கு முளைகள் இருந்தன, இரண்டு துண்டாகிவிட்டன. அன்றிலிருந்து இந்தச் செடி நிற்கும் இடத்தில் ஒரு குச்சியை ஊன்றிவிடுவது என் வழக்கம். ஏதாவது முளைக்கும் என்று தெரிவதற்காக அல்ல, என் கையைக் கட்டிவைப்பதற்காக.

இனி, உங்கள் கையில் இருப்பது என்ன செடி என்று பார்ப்போம். தமிழில் எல்லாவற்றையும் செவ்வரத்தை, செம்பருத்தி என்று சொல்லிவிடுகிறோம். இங்கே கடைகளிலும் எல்லாவற்றுக்கும் ஹிபிஸ்கஸ் என்றே பெயர் போடுகிறார்கள். அதனால்தான் வீட்டுக்கு வீடு இந்தச் சண்டை. நடைமுறையில் மூன்று வகை தெரிந்தால் போதும்.

முதலாவது, ஊரில் கிணற்றடியிலும் கோயில் நந்தவனத்திலும் நிற்பது. கடும்பச்சையில் மினுமினுக்கும் இலை. இது வெப்ப நாட்டுச் செடி. இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினாலே உள்ளே எடுத்துவிட வேண்டும். உறைபனி ஒரே இரவில் முடித்துவிடும். மாமியின் மனத்தில் இருப்பது இந்தச் செடிதான். வேலியோரத்தில் நிற்பது இதுவாக இருந்திருந்தால் அவர் சொல்வதைத்தான் நானும் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது, உங்கள் வேலியோரத்து மூன்றும் டெக்கில் நிற்பதும். இலை பெரிது, மினுக்கம் கிடையாது, இதய வடிவிலோ மேப்பிள் இலைபோலப் பிளந்தோ இருக்கும். பூ 20 முதல் 30 சென்ரிமீற்றர் அகலம் வரை விரியும். ஒரே நாளில் வாடிவிடும். ஹிபிஸ்கஸ் மொஸ்கியூற்றஸ் என்பது இதன் தாய் இனம். அந்த இனம் இந்த நாட்டுச் சொந்தக்காரி. ஏரி ஈரீக் கரையில் பொயின்ற் பீலி தேசியப் பூங்காவின் சதுப்பு நிலத்தில் இன்றும் காட்டுச் செடியாக நிற்கிறது. கனடாவின் அருகிவரும் உயிரினங்கள் பட்டியலில், தனிக்கவனம் தேவைப்படும் இனமாக அதைச் சேர்த்திருக்கிறார்கள். கடைகளில் விற்பவை பெரும்பாலும் இதையும் இதன் அமெரிக்க உறவினங்களையும் கலந்து உருவாக்கியவை. நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் ஃபிளெமிங் சகோதரர்கள் மூவர் தங்கள் வாழ்நாளையே இந்தக் கலப்புக்குக் கொடுத்தார்கள். செம்பு நிற இலையோடு வரும் கொப்பர் கிங் அவர்கள் உருவாக்கியதுதான். இந்த வகைகளில் பெரும்பாலானவை குளிர் வலயம் 5 வரை தாங்கும். சில 4 வரையும் தாங்கும். வலயம் 5 என்றால், அமெரிக்க அளவீட்டில் குளிர்காலத்தின் மிகக் குளிரான இரவு சராசரியாக மறை 23 முதல் மறை 29 பாகை வரை போகும் இடம். அஜாக்ஸ் அதைவிட இளகிய இடம். ஆகவே உங்கள் ஊர்க் குளிர், வெறும் குளிராக மட்டும் வந்தால், இந்தச் செடிக்கு ஒரு பொருட்டே இல்லை.

மூன்றாவது வகைக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் முன்வாசல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது.

குளிர் பொருட்டில்லை என்றால் கன்றுகள் ஏன் சாகின்றன? தென் ஒன்ராறியோவின் குளிர்காலம் நேர்மையான குளிர்காலம் இல்லை. டிசம்பரில் இறுக்கும். ஜனவரியில் திடீரென்று ஐந்து பாகைக்கு ஏறி, மழை பெய்து, ஒழுகி, மறுநாள் இரவே மறை 15க்குப் போகும். இந்தக் கூத்து மார்ச் வரை பல தடவை நடக்கும். மண்ணில் உள்ள நீர் உறையும்போது, கீழேயுள்ள ஈரத்தையும் மேலே இழுத்துக்கொண்டு மெல்லிய பனிக்கட்டித் தகடுகளாகத் திரள்கிறது. அந்தத் தகடுகள் மண்ணை மேலே தூக்குகின்றன. மண்ணோடு கன்றும் தூக்கப்படுகிறது. பனிக்கட்டி இளகும்போது மண் பழைய இடத்துக்கு இறங்கிவிடும், கன்று இறங்காது. அடுத்த உறைவு இன்னும் கொஞ்சம் தூக்கும். நான்கைந்து தடவை இப்படி நடந்தால், தண்டும் வேரும் சேரும் தூர் மண்ணுக்கு வெளியே வந்து காற்றில் காயும். சிறு வேர்கள் அறுந்திருக்கும். பிறகு வரும் ஒரு சாதாரணக் குளிர் இரவே அதற்குப் போதும். வேர் ஆழமாக ஓடிய பழைய செடி மண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கும். கன்றின் வேர் இன்னும் கடைச் சட்டியின் வடிவத்திலேயே சுருண்டு கிடக்கிறது. அதனால் அது போத்தல் மூடி கழல்வதுபோல் கழன்று வரும். களிமண்ணில் இது மிக மோசம். அஜாக்ஸ், பிக்கறிங், ஸ்காபரோ பக்கத்து வளவுகள் பலவற்றில் ஓரடி கிண்டினால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே கன்றைச் சூடாக வைத்திருப்பது நம் வேலையே அல்ல. உறைந்த மண் உறைந்தபடியே கிடக்க வேண்டும். இது நம் புத்திக்கு ஏறுவது கடினம். பிள்ளைக்குக் குளிர்கிறது என்றால் போர்த்து என்றுதான் நமக்குப் பழக்கம். இந்தப் பிள்ளைக்குப் போர்வை கொடுப்பது வெயில் படாமல் இருக்க.

இப்போது கணவரின் யோசனைக்கு வரலாம். பிளாஸ்ரிக் தாளுக்குள் பெப்ரவரி வெயில் அடித்தால், வெளியே மறை ஐந்தாக இருந்தாலும் உள்ளே வெப்பம் ஏறும். மண் இளகும், உள்ளே ஆவி பிடித்து நீர் சொட்டும். வெயில் இறங்கியதும் எல்லாம் மறுபடி உறையும். ஜனவரியில் இரண்டு தடவை நடக்க வேண்டியதை, பிளாஸ்ரிக் ஒவ்வொரு வெயில் நாளிலும் நடத்தி வைக்கும். ஈரம் போக வழியில்லாமல் தூர் அழுகுவது இன்னொரு பக்கம். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கணக்கு மாறாது. அதோடு, இந்தச் செடியில் சுற்றுவதற்கு என்ன இருக்கிறது? மேலே நிற்கும் தண்டுகள் எப்படியும் குளிரில் முழுதாகச் செத்துவிடும். அடுத்த ஆண்டுத் தண்டுகள் மண்ணுக்குள் தூரிலிருந்து புதிதாக வரும். நீங்கள் போன ஆண்டு அவ்வளவு அக்கறையாகக் கட்டிவைத்தது வெறும் காய்ந்த குச்சிகளை. தலைகீழாகக் கவிழ்க்கும் பிளாஸ்ரிக் வாளிக்கும் இதே குறைதான்.

மாமியின் வழி ஏன் சரிவராது என்றும் சொல்லிவிடுகிறேன், அவர் கேட்பார். இந்தச் செடிக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். 21 பாகைச் சூட்டில் ஹோலில் கொண்டுபோய் வைத்தால், உறங்கவும் முடியாமல், வளர வெளிச்சமும் போதாமல், வெளிறிய நெட்டைத் தளிர்களை விடும். வேரில் சேர்த்துவைத்த மாச்சத்தெல்லாம் அதிலேயே கரைந்துவிடும். மார்ச் வருவதற்குள் அசுவினிப் பூச்சி மொய்க்கும். அதுவும் பிறகு வீட்டிலுள்ள கறிவேப்பிலைக்குத் தாவும். கறிவேப்பிலையைச் சொன்னால் மாமி ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

இந்த வாரம் முதலில் செய்ய வேண்டியது: தண்ணீர். நவம்பரில் யார் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று பலரும் குழாயைப் பூட்டிவிடுகிறார்கள். உலர்ந்த மண்ணில் குளிர் வேகமாக ஆழத்துக்கு இறங்கும். ஈரமண் வெப்பத்தை அதிகம் பிடித்துவைத்திருக்கும். உறையவும் நேரம் எடுக்கும். மழை இல்லாத வாரத்தில் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு வாளி தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மண் உறையும்வரை இதைத் தொடருங்கள். ஈரம் போதும், குளம் வேண்டாம். சதுப்பு நிலச் செடிக்குத் தண்ணீர் தேங்கினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கோடையில் தேங்கட்டும், அதற்கு அது விருந்து. ஆனால் வேரூன்றாத கன்றின் தூரைச் சுற்றிக் குளிரில் நீர் தேங்கினால், அது கட்டியாக உறைந்து இளகுகிற இடமாகிவிடும். உங்கள் மூன்றாவது படத்தில் வேலி மூலையில் நிற்கும் கன்றைச் சுற்றிப் பள்ளம் தெரிகிறது. ஒரு கூடை மண்ணும் மக்கிய உரமும் கலந்து கொட்டி, அந்த இடம் சற்றே மேடாக இருக்கும்படி அணைத்துவிடுங்கள்.

மக்கிய உரம் தவிர வேறு உரம் எதுவும் போட வேண்டாம். ஓகஸ்ற் முதல் வாரத்தோடு உரத்தை நிறுத்திவிடுவது இங்கே நல்ல பழக்கம். பிந்திப் போடும் உரம் பிஞ்சுத் தளிரைக் கிளப்பிவிடும். அது உறைபனிக்குத் தீனி.

தண்டுகளை இப்போது வெட்டாதீர்கள். காய்ந்து கறுத்து அசிங்கமாகத்தான் நிற்கும், விதைக் காய்கள் வேறு தொங்கும். இருக்கட்டும். காற்றில் பறக்கும் வெண்பனியை அந்தக் குச்சிகள்தான் பிடித்துத் தூரடியில் சேர்க்கும். காட்டில் அதற்குப் போர்வை கிடைப்பதும் இப்படித்தான். வசந்தத்தில் செடி எங்கே என்று அடையாளம் காட்டவும் அவைதான் உதவும். விருந்தாளி பார்க்கிற இடமென்றால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். பின்வளவை யார் பார்க்கப்போகிறார்கள்?

அடுத்தது மூடாக்கு, அதாவது தூரடி மண்ணை இலையால் மூடுவது. அதைப் போடும் நேரம்தான் இந்த விஷயத்தில் எல்லாமே. பெரும்பாலானோர் நவம்பர் முதல் வார விடுமுறையில் இலை கூட்டும்போது அப்படியே செடிமேல் குவித்துவிடுகிறார்கள். அது முந்தி. மண் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்த வெதுவெதுப்பை உள்ளே அடைத்தால் செடி உறங்கப் பிந்தும். அதைவிட, குளிருக்கு இடம் தேடும் சிற்றெலிகளுக்கு நீங்களே மெத்தை விரித்துக் கொடுத்த மாதிரி ஆகும். கூடும் கட்டிக்கொண்டு, பசித்தால் தூரையும் கொறிக்கும். மண்ணின் மேற்பரப்பு இறுகும்வரை பொறுங்கள். சோதனை சுலபம்: ஒரு திருகாணிச் செலுத்தியை எடுத்துச் செடிக்கு ஓரடி தள்ளி மண்ணில் குத்திப் பாருங்கள். உள்ளே போகாமல் கல்லில் குத்தியதுபோல் நின்றால் அன்று மூடாக்கு நாள். உங்கள் பகுதியில் அது டிசம்பரில் ஏதோ ஒரு நாளில் வரும். நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், மண்ணைக் குத்திப் பாருங்கள்.

அதுவரை இலைகளைச் சேர்த்து வையுங்கள். தெருவில் எல்லோரும் பழுப்புக் காகிதப் பைகளில் இலையைக் கட்டிச் சேகரிப்பு நாளுக்கு வெளியே வைப்பார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். நான் ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான் ஏழெட்டுப் பைகள் வாங்கிக் கராஜில் அடுக்குகிறேன். மேப்பிள் இலையை முழுதாகப் போட்டால் நனைந்ததும் அப்பளக்கட்டுப்போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காற்றுப் புகாது. புல்வெட்டும் இயந்திரத்தை அதன்மேல் இரண்டு தடவை ஓட்டி நொறுக்கிப் போடுங்கள். ஓக் இலை தானாகவே சுருண்டு நிற்கும், நொறுக்காவிட்டாலும் பரவாயில்லை. வைக்கோல் நல்லது, ஆனால் மாட்டுக்குப் போடும் உலர்புல்லை வாங்கிவிடாதீர்கள், அதிலுள்ள விதையெல்லாம் வசந்தத்தில் உங்கள் வளவில் முளைக்கும். பைன் ஊசி கிடைத்தால் அதைவிட அருமை வேறில்லை, ஒட்டாது, சீக்கிரம் அழுகாது.

மூடாக்குப் போடும் முறை இதுதான். கோழிக்கூட்டுக்குப் போடும் கம்பி வலையில் ஒரு துண்டு வெட்டி, இரண்டடி அகலமும் முழங்கால் உயரமும் உள்ள வளையமாகக் கட்டி, கன்றைச் சுற்றி நிறுத்துங்கள். இரண்டு குச்சியால் இறுக்குங்கள், இல்லையேல் ஜனவரிக் காற்று அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விடும். முதலில் தூரின்மேல் ஒரு கை அகலம் மக்கிய உரத்தைத் தூவி, அதன்மேல் இலையைப் பொலபொலவென்று ஓரடி உயரத்துக்கு நிரப்புங்கள். மிதித்து அமுக்க வேண்டாம். இலைக்கு இடையிலுள்ள காற்றுத்தான் காப்பு. அது பனியின் பாரத்தில் தானாக அமுங்கி 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை வந்து நிற்கும். அதுவே போதும். கிறிஸ்துமஸ் முடிந்து தெருவோரத்தில் வீசிய மரங்களில் நாலு கிளையை வெட்டி மேலே குறுக்காகப் போட்டால் இலையும் பறக்காது, பனியும் நன்றாகத் தங்கும். உங்கள் வீட்டில் மரம் வைக்காவிட்டாலும் தெருவில் பத்து மரம் கிடக்கும்.

பனி பெய்தால் வளையத்தின்மேல் இன்னும் இரண்டு மண்வெட்டி பனியை அள்ளிப் போடலாம். புதுப் பனியைப்போல் நல்ல போர்வையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆனால் அது புல்தரையில் விழுந்த சுத்தமான பனியாக இருக்க வேண்டும். டிறைவ்வேயில் அள்ளும் பனியில் உப்புக் கலந்திருக்கும். அழுந்திக் கட்டியாகவும் இருக்கும். அதைப் பூச்செடிகள் எதன்மேலும் கொட்டாதீர்கள்.

பிறகு நீங்கள் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ஒவ்வோர் இளகலுக்குப் பிறகும் ஒருதடவை போய் எட்டிப் பாருங்கள். கன்று மேலே கிளம்பி, தூரோ வேரோ தெரிந்தால், மண் இளகியிருக்கும்போது உள்ளங்கையால் மெதுவாக அமுக்கி இறக்குங்கள். மண் உறைந்திருந்தால் அமுக்காதீர்கள், வேர் முறியும். ஒரு வாளி மக்கிய உரத்தை மேலே கொட்டி மூடிவிட்டு வாருங்கள். அதற்காக ஒரு பை உரத்தைக் கராஜில் உறையாத மூலையில் வைத்திருப்பது நல்லது. ஜனவரியில் அதைத் தேடி நீங்கள் கடைகடையாக அலைய வேண்டியிருக்காது.

இனி டெக்கில் நிற்கும் பூச்சாடி. உண்மையைச் சொன்னால் உங்கள் ஐந்தில் ஆபத்தில் இருப்பது இதுதான். நிலத்தில் நிற்கும் செடிக்குக் குளிர் மேலிருந்து மட்டும் வரும். கீழேயிருந்து பூமியின் சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருக்கும். டெக்கில் நிற்கும் சாடிக்கு மேல், கீழ், நாலு பக்கமும் குளிர். காற்று மறை 20 என்றால் சாடிக்குள் இருக்கும் வேரும் கிட்டத்தட்ட அதே குளிரைச் சந்திக்கும். சாடியில் வைத்த செடி, அது நிற்கும் ஊரின் வலயத்தைவிட இரண்டு வலயம் கூடிய குளிரைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று தோட்டக்காரர்கள் கணக்குச் சொல்வது இதனால்தான்.

நல்ல வழி, மண் இன்னும் இளகியிருக்கும் இந்த நாட்களில் வேலியோரத்தில் ஒரு குழி வெட்டி, சாடியோடு அப்படியே விளிம்புவரை புதைத்துவிடுவது. இப்போது சாடியிலிருந்து எடுத்து நிலத்தில் நட வேண்டாம். வேர் பிடிக்க ஆறு வாரமாவது வேண்டும், அந்த ஆறு வாரம் இப்போது உங்களிடம் இல்லை. புதைத்த சாடிக்கும் மற்றவற்றுக்குச் செய்த அதே மூடாக்கு. மே மாதம் சாடியை வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

குழி வெட்ட முடியாது என்றால், சூடேற்றாத கராஜ். உறைநிலைக்குச் சற்று மேலேயோ கீழேயோ நிற்கும் இடம்தான் தேவை. கதவுக்குப் பக்கத்தில் வேண்டாம். வீட்டுச் சுவரோடு ஒட்டி, கொங்கிறீற்றில் நேராக வைக்காமல் ஒரு பலகைமேல் வையுங்கள். பழைய குவில்ற் ஒன்றைச் சுற்றிக் கட்டலாம். கணவருக்கு அந்த வேலையைக் கொடுங்கள், இங்கே அவர் ஆசை தீரச் சுற்றட்டும். மாதம் ஒருமுறை மண்ணைத் தொட்டுப் பார்த்து, தூசியாக உலர்ந்திருந்தால் ஒரு கோப்பை தண்ணீர். கராஜில் செத்துப்போகும் செடிகளில் பாதி குளிரால் சாவதில்லை, ஞாபகமறதியால் வறண்டு சாகின்றன. மார்ச்சில் ஒருநாள் வெயில் அடித்தது என்று வெளியே தூக்கி வைத்துவிடாதீர்கள். உறக்கம் கலைந்த செடிக்கு அடுத்த வாரக் குளிர் ஆகாது.

இப்போது முன்வாசல் கன்று. மற்ற நான்கின் இலையும் உள்ளங்கையை விடப் பெரிது. இதன் இலையோ சின்னது, மூன்றாகப் பிளந்து ஓரத்தில் பெரிய பற்கள். தண்டு பச்சையாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் கட்டை வைத்திருக்கிறது. சகோதரி, இது உங்கள் மற்ற நான்கின் இனமே அல்ல. றோஸ் ஒஃப் ஷரன் என்று இங்கே சொல்லும் ஹிபிஸ்கஸ் சிரியாக்கஸ். சிரியா என்று பெயரில் இருந்தாலும் சொந்த ஊர் கிழக்கு ஆசியா. தென் கொரியாவின் தேசிய மலர் இதுதான். கடையில் சீட்டு மாறியிருக்கலாம், அல்லது எல்லாம் ஹிபிஸ்கஸ்தானே என்று சேர்த்து அடுக்கியிருக்கலாம். ஏமாந்துவிட்டீர்கள் என்று எண்ண வேண்டாம். நல்ல செடி, குளிரும் தாங்கும், வயதானால் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும்.

ஆனால் மருத்துவம் வேறு. இதன் தண்டு சாகாது. அடுத்த ஆண்டு அந்தக் கட்டையிலிருந்துதான் துளிர்க்கும். மற்றவற்றை வெட்டுகிற கையோடு இதையும் தரைமட்டமாக வெட்டிவிடாதீர்கள். மூடாக்கு அடியில் கொஞ்சம் போதும், தண்டைத் தொடாமல் ஒரு கை தள்ளிப் போடுங்கள். இதற்கு எதிரி முயல். தின்ன வேறு பச்சை இல்லாத பெப்ரவரியில் இளம் தண்டின் பட்டையைச் சுற்றிவரக் கொறித்துவிட்டால், அந்தத் தண்டு கதை முடிந்தது. அதே கம்பி வலையை இன்னும் உயரமாகச் சுற்றி நிறுத்துங்கள். முயல் பனிக்குவியலில் ஏறி நின்றும் கொறிக்கும் என்பதால் வலை இரண்டரை அடியாவது இருக்கட்டும். தெருப்பக்கக் காற்றுக்கு மூன்று குச்சி நட்டுச் சாக்குத் துணியைத் திரைபோலக் கட்டினால் நல்லது. துணி செடியில் படக்கூடாது. 2013 டிசம்பரில் வந்த உறைமழையை ரொறன்ரோவில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி ஒன்று வந்து தண்டெல்லாம் கண்ணாடியாக உறைந்து நின்றால், தட்டி உதிர்க்கப் போகாதீர்கள். பனிக்கட்டியோடு கிளையும் உதிரும். தானாக உருகட்டும். இந்தச் செடி நிற்கும் பக்கத்தில் டிறைவ்வேக்கு உப்புக்குப் பதிலாக மணலைத் தூவ முடிந்தால் தூவுங்கள்.

ஏப்ரலில் ஆவலை அடக்குவதுதான் கடினம். முதல் இளவெயில் நாளில் வளையத்தைப் பிரித்துவிடத் தோன்றும். பிரிக்காதீர்கள். ஏப்ரல் முதல் பாதியில் மேலேயுள்ள கிளைகளையும் இலையில் பாதியையும் எடுங்கள். மீதியை மாதக் கடைசியில் எடுங்கள், அப்போது காய்ந்த தண்டுகளையும் ஒரு சாண் விட்டு வெட்டலாம். கையால் ஒடித்து இழுக்க வேண்டாம், கீழேயிருக்கும் முளையும் சேர்ந்து வரும். எடுத்த இலையைத் தூர வீசாமல் பக்கத்திலேயே ஒதுக்கி வையுங்கள். மண்ணை மூடியே வைத்தால் அது சூடேறப் பிந்தும், முளையும் பிந்தும், ஆனால் மே மாதத்தில் ஒரு குளிர் இரவு வந்தால் அள்ளிப் போட அது கைக்கு வேண்டும். தளிர் வெளியே வந்த பிறகு உறைபனி எச்சரிக்கை வந்தால், பழைய பருத்திச் சேலை ஒன்றை இரண்டாக மடித்து இரவில் போர்த்திவிட்டுக் காலையில் எடுத்துவிடுங்கள். நைலெக்ஸ் சேலை அதற்கு உதவாது.

இவ்வளவும் செய்த பிறகும் வேலியோரத்து மூன்றில் ஒன்று போகலாம். மூலைப் பள்ளத்தில் நிற்பதற்குத்தான் நான் அஞ்சுகிறேன். இந்த ஆண்டு பூக்காத கன்று எது என்று நீங்கள் எழுதவில்லை. அதுவாக இருந்தால் இன்னும் கவனம். முதல் ஆண்டில் பூக்காதது குற்றமில்லை, வேர் போடுவதில் அது மினக்கெட்டிருக்கும்.

மே கடைசிவரை ஒன்றும் தெரியாவிட்டால் மண்வெட்டியைத் தொடாமல், விரலால் மேல்மண்ணை ஒதுக்கித் தூரைத் தொட்டுப் பாருங்கள். அமுக்கினால் கல்லுப்போல் இருக்கிறதா, நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ தெரிகிறதா? உயிர் இருக்கிறது, மண்ணை மூடிவிட்டுப் போய்த் தேநீர் குடியுங்கள். பழைய வாழைப்பழம்போல் கொழகொழவென்று கபில நிறமாக இருந்தால் மட்டும் கைவிடலாம். அதையும் ஜூன் 15க்குப் பிறகே செய்யுங்கள். அப்போதும் மனம் கேட்காவிட்டால், தூரைக் கழுவி வெயிலில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.